குழந்தைக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகத்தைத் தேர்வது எப்படி? மொரீசியஸ் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

நான்காம் தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி ஒரு பக்கம் முழுவதையும் தடுமாற்றமே இல்லாமல் உரக்க வாசித்து முடித்தாள். குமரன் ஆற்றங்கரையில் தன் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்புகிறான் என்பதுதான் அந்தப் பக்கத்தின் செய்தி. “குமரன் எதைத் தொலைத்தான்?” என்று கேட்டேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு “நாய்” என்றாள். படத்தில் குமரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு என்ற சொல்லை அவள் மூன்று முறை சரியாக ஒலித்திருந்தாள். ஆனால் அவள் காலில் இருந்தது, கிரியோல் மொழியில், சவாத். அவள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

நம் தமிழ் வகுப்புகளில் இது அன்றாடம் நடப்பது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில், பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழியைப் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதுகிறார்கள். மற்றவர்கள் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு, கிரியோல் வகுப்புகளுக்குப் பிரிந்து செல்லும் நேரத்தில் இவர்கள் நம்மிடம் வருகிறார்கள். தமிழ் எழுத்து முறை ஒழுங்கானது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறன் வந்துவிடுகிறது. சொற்களோ அந்த வேகத்தில் வருவதில்லை. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று பூச்சியமாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியம்தான். ஆகவே நம் நாட்டில் ஒரு குழந்தைக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதாது. எழுத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என இரண்டு தேவை. கீழே சொல்லும் முறை முழுவதும் இந்த இரண்டையும் தனித்தனியே அளந்து, பிறகு சேர்த்துப் பார்ப்பதுதான்.

முதலில் புத்தகங்களைப் பிரியுங்கள்

குழந்தையைச் சோதிப்பதற்கு முன் அலமாரியைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களின் அட்டையில் வயதோ நிலையோ அச்சிட்டிருக்கும். அது வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்காகக் கணக்கிட்டது. அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம். அங்கே முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை என்று பிரித்திருக்கிறார்கள். தொடக்கத்துக்கு இது நல்ல துணை. ஆனால் சொற்களின் எண்ணிக்கை மட்டும் தமிழில் பல நேரம் ஏமாற்றும். “வந்துகொண்டிருந்தார்கள்” என்பது ஒரே சொல். அதில் 12 எழுத்துகள் உள்ளன. “பூனை பால் குடித்தது” என்பது மூன்று சொல், ஒன்பதே எழுத்து. முன்னதைவிடப் பின்னதைத்தான் சிறு குழந்தை எளிதாக வாசிக்கும்.

ஆகவே ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். நீளமான சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? வினைகள் “வந்தான், போனாள்” என்று முடிகின்றனவா, “வந்துவிட்டிருக்கக்கூடும்” என்று நீள்கின்றனவா? சொற்கள் பிரித்து அச்சிடப்பட்டிருக்கின்றனவா, “மரத்தின்மேலேறிக்கொண்டு” என்று சேர்த்து எழுதியிருக்கிறார்களா? படத்தை மட்டும் பார்த்தால் கதை எவ்வளவு தூரம் புரிகிறது? கடைசியாக, இந்தக் கதை நடக்கும் உலகம் நம் குழந்தைக்குத் தெரிந்த உலகமா? ஒரு புத்தகத்தில் மே மாத வெயில் கொளுத்துவதாகவும் பிள்ளைகள் மண்பானைத் தண்ணீர் குடிப்பதாகவும் எழுதியிருந்தது. எல்லாச் சொற்களும் தெரிந்த ஒரு பையன், “மிஸ், மே மாதம் குளிர்தானே?” என்றான். நமக்கு மே குளிர்காலத்தின் வாசல். அந்தப் புத்தகம் மொழியால் எளிது, ஊரால் கடினம். அதை ஒரு படி மேலே வைத்தேன்.

நிலைகளுக்கு எண் கொடுப்பதைத் தவிர்த்து, முதுகில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். என் வகுப்பில் நான்கு வண்ணங்கள். பச்சையில் பக்கத்துக்கு ஒரு சொல்லோ மூன்று நான்கு சொல் கொண்ட ஒரு வாக்கியமோ இருக்கும். மாறுவது ஒரு சொல்தான், அதையும் படம் காட்டிக்கொடுக்கும். மஞ்சளில் பக்கத்துக்கு இரண்டு மூன்று சிறு வாக்கியங்கள். நீலத்தில் உரையாடல் வரும், வேற்றுமை உருபுகள் ஏறிய நீண்ட சொற்கள் வரும், காரணமும் விளைவும் வரும். சிவப்பில் படம் அலங்காரத்துக்கு. கதையைப் பத்திகள்தான் சுமக்கும். இரண்டு வண்ணங்களுக்கு இடையில் எங்கே வைப்பது என்று ஐயம் வந்தால் கடினமான பக்கமாகவே வைத்துவிடுங்கள். எதிர்பார்த்ததைவிடப் புத்தகம் எளிதாக இருந்தால் குழந்தைக்கு மகிழ்ச்சி. கடினமாக இருந்தால் அடுத்த புத்தகத்தைத் தொடவே தயங்கும்.

எழுத்தைச் சோதித்தல்

முதல் வடிகட்டலுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தியாவில் கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வில் 2005இலிருந்து பயன்படுத்தும் படிவரிசையே இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: எழுத்துகள், தனிச் சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. எந்தப் படியில் குழந்தை நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

எழுத்துப் படியிலேயே நிற்கும் குழந்தையிடம் பொதுவாகச் சில இடங்களில்தான் சிக்கல் இருக்கும். “கெ, கொ” இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் வாசித்துப் பழகிய கண் கொம்பை முதலில் ஒலிக்கப் பார்க்கும். உகர வரிசையில் கு, டு, து, மு, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் p, b இரண்டையும் வேறு வேறு எழுத்தாக எழுதக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு, பல்லிலும் கோபத்திலும் ஒரே ப இருந்து வேறு வேறாக ஒலிப்பது அநியாயமாகத் தோன்றுகிறது. அந்தக் குழந்தை “கோபம்” என்பதில் பகரத்தை வல்லொலியாகச் சொன்னால் நான் பிழையாகக் குறிப்பதில்லை. பொருள் தெரிந்தால் போதும். ஒலி பிறகு திருந்தும்.

பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்

பத்தி வாசிக்கும் நிலைக்கு வந்த குழந்தைக்குத்தான் உண்மையான அளவீடு. நியூசிலாந்து வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே வளர்த்தெடுத்த தொடர்பதிவு முறையை நம் தேவைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம். குழந்தை இதுவரை பார்க்காத புத்தகத்திலிருந்து 80 முதல் 100 சொற்கள் வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். குழந்தை உங்களுக்கு எதிரே அல்ல, பக்கத்தில் உட்காரட்டும். எதிரே உட்கார்ந்தால் அது தேர்வு ஆகிவிடுகிறது.

சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக். விட்டுவிட்ட சொல்லுக்கு ஒரு கோடு. மாற்றி வாசித்தால் அது சொன்னதை மேலேயும் அச்சில் இருப்பதைக் கீழேயும் எழுதுங்கள். மூன்று நான்கு விநாடி தயங்கி நின்றால் நீங்களே சொல்லைச் சொல்லிவிடுங்கள். அது ஒரு பிழை. தானே திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டால் அது பிழை அல்ல, பாராட்டுக்குரியது. ழகரம் லகரமாக ஒலித்தால் விட்டுவிடுங்கள். கதையில் வரும் ஒரே பெயரை ஏழு இடத்தில் தவறாகச் சொன்னாலும் ஒரு பிழைதான்.

இப்போது கணக்கு. 80 சொற்களில் 6 பிழை என்றால் 74 சரி, அதாவது 92.5 விழுக்காடு. 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகத்தைக் குழந்தை தனியாகவே வாசிக்கலாம். 90 முதல் 94 வரை இருந்தால் உங்கள் துணையோடு வாசிக்கலாம். 90க்குக் கீழே போனால் இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் இதைவிடக் கண்டிப்பான எல்லைகளை வைத்தார். தனி வாசிப்புக்கு 99 விழுக்காடு கேட்டார். இவையெல்லாம் ஆங்கிலத்தில் பிறந்த எண்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக நிற்பது தமிழில் ஒரே சொல்லின் விகுதிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். “வந்துகொண்டிருந்தார்கள்” என்பதைக் குழந்தை “வந்துகொண்டிருந்தார்” என்று முடித்துவிட்டால் அதை முழுப் பிழையாக எண்ணுவதா? வேரும் காலமும் சரி, பன்மை மட்டும் போய்விட்டது. நான் அரைப் பிழையாகக் குறித்து, விகுதியை ஓரத்தில் எழுதிவைக்கிறேன். இது என் வழக்கம்; விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே விகுதி ஐந்து குழந்தைகளின் தாளில் வந்தால் மறுநாள் பாடம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடுகிறது.

ஐந்து விரல் சோதனை என்று ஒன்று உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். பக்கத்துக்கு 100 சொல் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்துக்கு அது சரி. நம் படப் புத்தகங்களில் பக்கத்துக்கு 20 சொல்தான் இருக்கும். அங்கே நான்கு விரல் மடங்கினால் புத்தகம் சரியென்று குழந்தை நினைக்கும். உண்மையில் ஐந்தில் ஒரு சொல் தெரியவில்லை. சிறு புத்தகங்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு விரல் போதும் என்று சொல்லிக்கொடுங்கள்.

பொருளைச் சோதித்தல்: கிரியோலில் சொல்லட்டும்

பல ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் அதிக நேரம் கொடுப்பதும் இதற்குத்தான். குழந்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும். தமிழ் வகுப்பில் தமிழில்தான் பதில் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் நீங்கள் அளப்பது புரிதலை அல்ல, பேச்சை. கதையைக் கிரியோலில் ஓட்டமாகச் சொல்லும் குழந்தை கதையைப் புரிந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தமிழில் பேச இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு புத்தகத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கதைக்கு இன்றியமையாத ஐந்து சொற்களைச் சுட்டிப் பொருள் கேளுங்கள். படத்தை மறைப்பது முக்கியம். மறைக்காவிட்டால் செருப்பு நாயாகிவிடும்.

அதன்பின் அதே அளவு கடினமான வேறொரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, மறுபடியும் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுப் புரிந்தது, வாசித்தது மட்டும் புரியவில்லை என்றால் தடை எழுத்தில் இருக்கிறது. கேட்டும் புரியவில்லை என்றால் தடை சொல்லில்.

வாய் சரளமாக இருந்தும் காதுக்குப் பொருள் எட்டாத குழந்தைகளே நம் வகுப்பில் அதிகம். அவர்களுக்குப் பச்சைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது மருந்தாகாது. அவர்களுக்கு எழுத்து சலித்துப்போய்விட்டது. நீலத்திலேயே விடுங்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த உலகத்தைச் சொல்லும் புத்தகமாகத் தேடுங்கள்: சந்தை, சமையல், மழை, கடல், பள்ளிக்கூடம். வாசிப்பதற்கு முன் ஐந்தாறு சொற்களைப் பேச்சில் கொடுத்துவிடுங்கள். நம் குழந்தைகள் தமிழ்ச் சொல் ஒன்றும் தெரியாமல் வருவதாக நினைப்பதும் தவறு. கிரியோலில் மூரூம் என்பது முருங்கை, காரிபூலே என்பது கறிவேப்பிலை, ராசோன் என்பது ரசம். சமையலறைக் கதை ஒன்றை எடுத்து, இந்தச் சொற்களைப் பலகையில் எழுதினால், தங்களுக்கு முன்பே தெரிந்த சொல்லின் எழுத்து வடிவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். நம் ரூபாய்த் தாளில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், செலவில்லாத வாசிப்புப் பாடம்.

இதற்கு நேர் எதிரானவர்களும் சிலர் உண்டு: பாட்டி வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். காதால் எல்லாம் புரியும், எழுத்தில் தடுக்கும். இவர்களுக்கு வாசிக்க மஞ்சள், கேட்க சிவப்பு.

வயது என்னும் சங்கடம்

ஐந்தாம் தரத்தில் முதன்முறையாகத் தமிழுக்கு வந்த பையனிடம், பக்கத்துக்கு ஒரு யானையும் ஒரு சொல்லும் இருக்கும் புத்தகத்தைக் கொடுத்தால், அதை அவன் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வான். பத்து வயதுக்காரனுக்கு யானையைப் பற்றி அதைவிட அதிகம் தெரியும். மொழி எளிதாகவும் பொருள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் கடையில் அரிது. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிய அறிவியல் புத்தகங்களும் சித்திரக்கதைகளும் ஓரளவு உதவும். மீதியை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

தைப்பூசம் முடிந்த வாரம் இதற்கு மிகச் சிறந்த நேரம். பத்து நாள் விரதத்தையும், காவடி கட்டிய இரவையும், கோயிலுக்கு நடந்த வெயிலையும் பிள்ளைகள் சொல்ல ஆசைப்படுவார்கள். ஒரு குழந்தை கிரியோலில் சொல்லட்டும். நீங்கள் ஒரே வாக்கிய அமைப்பில் தமிழாக்கி எழுதுங்கள். எங்கள் வகுப்பில் உருவான ஒரு புத்தகத்தின் வாசகம் முழுவதும் இவ்வளவுதான்:

இது அண்ணன் காவடி.
காவடியில் மயில் இறகு இருக்கிறது.
காவடியில் பூ இருக்கிறது.
காவடியில் பால் செம்பு இருக்கிறது.
அண்ணன் கோயிலுக்கு நடக்கிறான்.
பால் சிந்தவில்லை!

ஆறு பக்கம், ஆறு வரி. படங்களை அவர்களே வரைந்தார்கள். நாம் ‘சாம்போ’ என்று சொல்வது செம்புதான் என்று நான்காம் பக்கத்தில் வகுப்பே கண்டுபிடித்தது. மொழி பச்சை நிலை. பொருளோ எந்தப் பத்து வயதுக்காரனையும் வெட்கப்பட வைக்காதது. சூறாவளி எச்சரிக்கையால் பள்ளி மூடிய நாள், கரும்பு அறுவடை, மெட்ரோ பயணம் என்று இப்படியே ஓராண்டில் ஒரு பெட்டி நிறைந்துவிடும்.

பெட்டியிலிருந்து கைக்கு

புத்தகத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். வண்ணத்தை மட்டும் சொல்லுங்கள், புத்தகத்தைக் குழந்தை எடுக்கட்டும். வேறு வண்ணத்தில் ஒன்று வேண்டும் என்று அடம் பிடித்தால் கொடுத்துவிடுங்கள், கூடவே தன் வண்ணத்தில் ஒன்றையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். வகுப்பு நேரம் குறைவு. ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று குழந்தைகளைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க முடியும். அது போதும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம், ஒரு தவணைக்கு ஒரு சுற்றாவது வந்துவிடும்.

நிலையை ஒரு வேலியாக ஆக்கிவிட வேண்டாம். ஆசிரியரின் துணை இருந்தால் கடினமான நூலிலிருந்தும் குழந்தைகள் நன்றாகவே கற்பார்கள் என்றும், நிலைக்கேற்ற நூலால் மட்டும் கற்றல் கூடும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை என்றும் அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் டிமொதி ஷானஹன் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார். எனக்கு அது உறைக்கக் காரணம் என் தவறு. அமைதியான ஒரு பையனை ஒரு தவணை முழுவதும் மஞ்சளிலேயே வைத்திருந்தேன். இரண்டாம் முறை சோதிக்கவே இல்லை. ஒருநாள் சிவப்புப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தானே எடுத்து, நண்பனுக்கு மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக்கு மூன்று சொல்லில் தடுக்கினான், ஆனால் நிறுத்தவில்லை. ஆகவே தனியாக வாசிக்கும் புத்தகத்துக்கு வண்ணத்தைப் பின்பற்றுகிறேன். வகுப்போடு சேர்ந்து வாசிக்கும் புத்தகத்தை வேண்டுமென்றே ஒரு படி மேலே எடுக்கிறேன்.

பதிவுக்குப் பெரிய ஏடு எதுவும் வேண்டாம். குழந்தைக்கு ஒரு அட்டை, அட்டைக்கு நான்கு வரி. செருப்பைத் தொலைத்த கதையை வாசித்த சிறுமியின் அட்டையில் இப்போது இருப்பது இது:

தரம் 4. எழுத்து: நீலம், 97 விழுக்காடு. பொருள்: மஞ்சள், கேட்டாலும் மஞ்சள்தான். தெரியாத சொற்கள்: செருப்பு, கரை, தொலைத்தல். “-கொண்டே” விகுதியை ஒலிக்கிறாள், பொருள் தெரியவில்லை. அடுத்த புத்தகம்: நீலம், சந்தைக் கதை. வாசிக்கும் முன் காய்கறிப் பெயர்களைப் பேச வேண்டும். படத்தை மறைத்துக் கேட்கவும்.